ஃபின்னுக்கு ஸ்பிரிங் பட்டை: வீட்டிலேயே செய்துகொள்ளலாம்

ஸ்கூபா டைவிங்கில் காலில் மாட்டும் துடுப்புதான் ஃபின். உங்கள் ஃபின்னைக் குதிகாலோடு பிடித்து வைக்கும் ரப்பர் பட்டையைக் கழற்றி நன்றாக மடக்கிப் பாருங்கள். மடிப்பின் வெளிப்பக்கம் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் அந்தப் பட்டைக்கு நாள் நெருங்கிவிட்டது. வெயிலும் காற்றிலிருக்கும் ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும், அது அறுகிற இடம் பெரும்பாலும் பக்கிள் கடிக்கிற இடம்தான், அறுகிற நேரமோ படகில் எல்லோரும் தயாராகி உங்களுக்காகக் காத்திருக்கும் நேரம். இதற்குப் பதிலாகத்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் பட்டை. பக்கிள் கிடையாது, இழுத்து இறுக்க வேண்டியதில்லை, காலை உள்ளே விட்டுக் குதிகால் பக்கம் ஒரு இழு, முடிந்தது.

இன்னொரு நன்மை பலருக்குத் தெரிவதில்லை. ஃபின்னுக்குள் நாம் போடும் நியோபிரீன் பூட்டி, அதாவது நுரை ரப்பர் காலணி, அதற்குள் இருப்பது சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல நான்கு மடங்கு, அதனால் அந்தக் குமிழிகள் சுருங்கி பூட்டியே மெலிந்துவிடும். மேலே கச்சிதமாக இறுக்கிய ரப்பர் பட்டை கீழே போனதும் லேசாகத் தொளதொளக்கும். ஸ்பிரிங் அந்த இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்ளும்.

கடையில் பிராண்டுப் பட்டை கிடைக்கும், விலை ஒரு ஜோடிக்கு ஆயிரக்கணக்கில் போகும், அளவும் சின்னது, நடுத்தரம், பெரிது என்று மூன்று நான்குதான். உங்கள் காலுக்கு அது கொஞ்சம் லூசாகவோ கொஞ்சம் இறுக்கமாகவோதான் அமையும். நாமே செய்தால் நம் குதிகாலுக்கே அளவெடுத்துச் செய்யலாம். வேலை பெரிதில்லை, ஸ்பிரிங் கைக்கு வந்துவிட்டால் ஒரு மதிய நேரம் போதும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: ஸ்பிரிங் நடுவில் உடைவது அபூர்வம், பிரச்சினை வருவதெல்லாம் இரண்டு முனைகளில். அதனால் கவனத்தில் முக்கால் பங்கை முனைகளுக்குக் கொடுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு கேள்வி. உங்கள் ஃபின் எந்த வகை? ஸ்கூபாப்ரோ ஜெட் ஃபின் போன்ற கனமான ரப்பர் ஃபின் என்றால் யோசிக்கவே வேண்டாம், அதற்கும் ஸ்பிரிங்குக்கும் அவ்வளவு பொருத்தம். இலேசான பிளாஸ்டிக் ஃபின் என்றால் ஒரு ஃபின்னுக்கு நூறு கிராமுக்கு மேல் எடை கூடும், கால் கீழே தாழ்கிறது என்று ஏற்கெனவே புலம்புகிறவர்களுக்கு இது சரிவராது. டைவ் சென்டரில் வாடகைக்கு எடுக்கிற ஃபின்னுக்கு இதைச் செய்து பயனே இல்லை.

எந்த ஸ்பிரிங்

நமக்கு வேண்டியது டென்ஷன் ஸ்பிரிங், அதாவது சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும், இழுத்தால் நீளும். கம்பியின் தடிமன் 1.6 மி.மீ., வெளிவிட்டம் 12.5 முதல் 13 மி.மீ. வரை. ஸ்பிரிங் பட்டறையில் மில்லிமீட்டரைவிட கேஜ் கணக்கில்தான் பேசுவார்கள், 16 கேஜ் என்று சொன்னால் சட்டென்று புரியும், அது ஏறத்தாழ 1.6 மி.மீ.தான். கையில் 16 இல்லை, 17 கேஜ் தரட்டுமா என்று கேட்டால் தலையாட்டிவிடாதீர்கள். 17 கேஜ் என்பது 1.4 மி.மீ., பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் அதே விட்டத்தில் அதே நீளத்துக்குச் சுற்றினால் விறைப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். கம்பியின் தடிமன் நான்காம் அடுக்கில் விறைப்பைக் கூட்டுகிறது, போதாததற்கு மெல்லிய கம்பியில் அதே நீளத்துக்குள் சுருள் எண்ணிக்கையும் அதிகம், சுருள் அதிகமானால் ஸ்பிரிங் இன்னும் தளரும். 17 கேஜில் செய்த பட்டை சின்னக் கால் உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளலாம், கொஞ்சம் வேகமாக உதைப்பவர்களுக்குக் குதிகாலிலிருந்து நழுவும்.

உலோகம் 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிடைத்தால் அதுவே வேண்டும். 304-ம் 302-ம் சுலபமாகக் கிடைக்கும், உழைக்கவும் செய்யும், ஆனால் உப்புத்தண்ணீரில் பழுப்புக் கறை சீக்கிரம் வரும், புள்ளி புள்ளியாக அரிக்கவும் தொடங்கும். 316-ல் கலந்திருக்கும் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம்தான் அந்தப் புள்ளி அரிப்பைத் தள்ளிப்போடுகிறது. துத்தநாகம் பூசிய சாதா ஸ்பிரிங், சைக்கிள் ஸ்டாண்டிலோ பழைய கட்டிலிலோ கழற்றிய ஸ்பிரிங், எதுவும் வேண்டாம், சில வாரங்களில் துருவாகக் கொட்டும்.

கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி "பாருங்க சார், ஒட்டலை, ஒரிஜினல்" என்பார். அல்லது ஒட்டிவிட்டால் நீங்களே இது போலி என்று திரும்பி வந்துவிடுவீர்கள். இரண்டுமே தப்பு. ஸ்பிரிங் கம்பியைக் குளிர்நிலையில் இழுத்துத்தான் விறைப்பேற்றுகிறார்கள், அப்படி இழுக்கும்போது நல்ல 304 கூட காந்தத்தில் ஒட்ட ஆரம்பித்துவிடும், 316 கொஞ்சம் குறைவாக ஒட்டும். அதனால் ஸ்பிரிங் விஷயத்தில் காந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. பில்லில் கிரேடு எழுதித் தரச் சொல்லுங்கள், அல்லது கொஞ்சம் கம்பியை வாங்கி உப்புத்தண்ணீர் டம்ளரில் ஒரு வாரம் பாதி மூழ்கப் போட்டுப் பாருங்கள்.

சில்லறை ஹார்டுவேர் கடையில் இந்த அளவில் கிடைப்பது கஷ்டம். அம்பத்தூர், கோயம்புத்தூர் மாதிரி தொழிற்பேட்டை இருக்கும் ஊர்களில் ஸ்பிரிங் சுற்றித் தருகிற சின்னப் பட்டறைகள் உண்டு. நாலு ஸ்பிரிங்குக்கு மெஷின் ஓட்டுவார்களா என்றால் எல்லோரும் ஓட்டமாட்டார்கள், நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் மரியாதையாகப் பேசுவார்கள். ஒரு ஜோடிக்கான இரண்டு ஸ்பிரிங்கும் ஒரே கம்பிச் சுருளிலிருந்து, ஒரே நேரத்தில் சுற்றியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வலது காலும் இடது காலும் வேறு வேறு இறுக்கத்தில் இருக்கும். முக்கியமாக, இரண்டு முனையிலும் முழு வளையம் போட்டே கேளுங்கள். வளையத்துக்காகத் தனியாக ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். மெஷின் போடும் வளையத்துக்குக் கை வளையம் ஈடாகாது.

அளவு

நீங்கள் டைவுக்குப் போடும் அதே பூட்டியைப் போட்டுக்கொண்டு காலை ஃபின்னில் பாதம் நுழையும் பைக்குள் முழுதாகத் தள்ளுங்கள். தையல்காரர் டேப்பால் ஃபின்னின் ஒரு பக்க மாட்டுமிடத்திலிருந்து குதிகாலைச் சுற்றி மறுபக்க மாட்டுமிடம்வரை அளந்து கொள்ளுங்கள். டேப் குதிகாலின் மேல் விளிம்பில், பட்டை உட்காரும் அதே இடத்தில் போகட்டும். இதில் இரண்டு பக்கமும் வரப்போகிற ஷாக்கிளின், அதாவது ஸ்பிரிங்கை ஃபின்னோடு இணைக்கும் உலோகக் கொளுவியின், நீளத்தைக் கழியுங்கள். மிச்சம் வருவதில் எட்டில் ஒரு பங்கைக் கழித்தால் அதுதான் ஸ்பிரிங்கின் நீளம், இழுக்காத நிலையில், வளையங்களையும் சேர்த்து.

உதாரணத்துக்கு, சுற்றளவு 36 செ.மீ. வந்தது, ஷாக்கிள் பக்கத்துக்கு 3 செ.மீ., மிச்சம் 30. எட்டில் ஒரு பங்கைத் தள்ளினால் சுமார் 26 செ.மீ. காலில் போட்டிருக்கும்போது ஸ்பிரிங் 4 செ.மீ. நீண்டு நிற்கும், மாட்டும்போது இன்னும் ஒரு 5 செ.மீ. நீள வேண்டியிருக்கும். இரண்டு காலையும் தனித்தனியாக அளங்கள், பூட்டி ஒன்றாக இருந்தாலும் கால் ஒன்றாக இருப்பதில்லை.

ஸ்பிரிங் வந்ததும் முதல் வேலையாக லக்கேஜ் எடை பார்க்கும் தொங்கு தராசில் ஒரு முனையை மாட்டி, மறுமுனையை ஆணியில் கோர்த்து இழுங்கள். 4 செ.மீ. நீளும்போது தராசு 2 முதல் 3 கிலோ காட்டினால் சரியான ஸ்பிரிங். ஒன்றரைக்குக் கீழே என்றால் நழுவும். 4 கிலோவைத் தாண்டினால் ஒரு மணி நேர டைவில் குதிகால் மரத்துப்போகும், கெண்டைக்காலில் பிடிப்பு வேறு வரும்.

வளையம் இல்லாத ஸ்பிரிங்தான் கிடைத்தது என்றால்

நீளமாகச் சுற்றி வைத்திருக்கும் ஸ்பிரிங்கைத்தான் வெட்டித் தருவோம் என்பார்கள் சில இடங்களில். அப்போது வளையத்தை நாமே எழுப்ப வேண்டும். வெட்டுவதற்குச் சாதா கட்டிங் பிளேயரை எடுக்காதீர்கள், கம்பி வெட்டாது, பிளேயரின் வாய்தான் பல் போகும். சின்ன கிரைண்டரில் மெல்லிய கட்டிங் சக்கரம் போட்டு வெட்டுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு. வெட்டிய நுனியை அரத்தால் ராவி மழுக்கிவிடுங்கள், பூட்டியைக் கிழிப்பது இந்த நுனிதான்.

ஸ்பிரிங்கின் முனையில் ஒன்றேகால் சுற்று வெளியே இருக்கிற மாதிரி, மிச்சத்தை இரண்டு மரத்துண்டுக்கு நடுவில் வைத்து வைஸில் பிடியுங்கள். கடைசிச் சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் மெல்லிய திருப்புளியை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளப்புங்கள், விரல் நுழையும் அளவு எழும்பியதும் ஒரு உருண்டைக் கம்பியையோ சாக்கெட்டையோ அணைவாக வைத்து, அதன்மேல் சாய்ந்தபடியே சுற்று முழுதும் 90 டிகிரி நிமிரும்வரை வளையுங்கள். நிமிர்ந்த வளையம் ஸ்பிரிங்கின் நடு அச்சில் வந்து நிற்க வேண்டும், ஒரு ஓரமாக நின்றால் ஒவ்வொரு இழுப்பும் அந்த வளைவை முறுக்கும். கொறடு கடித்த தழும்பு கம்பியில் விழக்கூடாது, தழும்பு விழுந்த இடத்தில்தான் பின்னால் வெடிப்பு தொடங்கும். அதற்காகக் கொறடின் வாயில் ஒரு துண்டு செம்புத் தகடோ தோலோ வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு காட்டி வளைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். குளிர்நிலையில் ஏற்றிய விறைப்பு சூட்டில் இறங்கிவிடும், அந்த இடம் வெறும் மெத்துக் கம்பியாகிவிடும், 304 என்றால் சூடுபட்ட பகுதி துருவுக்கும் சீக்கிரம் இரையாகும்.

உள்ளே ஓடும் கயிறு

வளையம் எப்போதாவது உடையும், அதன் அடிவளைவில்தான் உடையும். உடைந்தால் ஃபின் தண்ணீரில் போய்விடக்கூடாது என்பதற்காக ஸ்பிரிங்குக்குள் ஒரு கயிறு ஓட்டுகிறோம். இன்னொரு உபயோகம், யாராவது பட்டையை அளவுக்கு மீறி இழுத்தால் கயிறு விறைத்து நிறுத்திவிடும். எல்லை தாண்டி இழுபட்ட ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பாது, சுருள்களுக்கு இடையில் வெளிச்சம் தெரியும், அப்புறம் அது குப்பைக்குத்தான்.

கயிறு 2 மி.மீ. டைனீமா, மெல்லியதாக இருந்தாலும் மிக உறுதியான செயற்கை இழைக் கயிறு. ஸ்பிரிங்கின் உள்விட்டம் 9.5 மி.மீ.தான் இருக்கும், பாராகார்டு மாதிரி 4 மி.மீ. கயிற்றைப் போட்டால் ஸ்பிரிங் சுருங்கும்போது தொய்வுக் கயிறு உள்ளே இடம் போதாமல் முனையில் பிதுங்கி வெளியே வரும். மெல்லிய கயிறு உள்ளேயே நெளிந்து படுத்துக்கொள்ளும். டைனீமா கிடைக்கவில்லையா, வலைக்கடையில் அதே தடிமனில் பின்னல் நைலான் கயிறு கேளுங்கள், துறைமுகம் இருக்கிற எந்த ஊரிலும் கிடைக்கும்.

கோர்ப்பதற்குத் துடைப்பத்திலிருந்து நீளமான ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொள்ளுங்கள். கயிற்றின் நுனியை அதோடு சேர்த்து ஒரு சுற்று செலோடேப் ஒட்டித் தள்ளினால் நேராகப் போய் மறுபக்கம் தலைகாட்டும்.

கயிற்றை ஸ்பிரிங் வளையத்தில் கட்டாதீர்கள், ஷாக்கிளில் கட்டுங்கள். வளையத்தில் கட்டிவிட்டு வளையம் உடைந்தால் கயிறும் அதோடு சேர்ந்து போகும், பிறகு கயிறு எதற்கு? இரண்டு ஷாக்கிளுக்கும் இடையே கயிற்றின் நீளம் ஸ்பிரிங்கின் நீளத்தைவிட 10 முதல் 11 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். டைனீமா வழுக்கும், ஒரு சாதா முடிச்சு இழுக்க இழுக்க அவிழ்ந்து வரும், அதனால் '8' வடிவ முடிச்சு ஒன்று போட்டு, 4 செ.மீ. வால் விட்டு, அந்த வாலை வைத்தே பக்கத்தில் இன்னொரு தடை முடிச்சு. நைலான் என்றால் நுனியை லைட்டரில் சுட்டுவிடுங்கள். ஈரத்தில் ஊறவைத்து இழுத்துக் காயவைத்த பிறகு அளவை இன்னொரு தரம் பாருங்கள், நைலான் நனைந்தால் நீளம் மாறும்.

ஃபின்னோடு மாட்டுவது

ஃபின்னில் ஓட்டை இருக்கும், அல்லது குமிழ் இருக்கும், அல்லது பிளாஸ்டிக் பக்கிள் இருக்கும். எது என்று பார்த்து அதற்கேற்ற வழி.

ஓட்டை இருந்தால் வேலை சுலபம், 316-ல் 5 மி.மீ. டி-ஷாக்கிள் போட்டு அதன் ஊசி ஓட்டையில் நுழையும்படி மாட்டுங்கள். ஷாக்கிள் ரொம்பக் குட்டையாக இருந்தால் ஃபின்னின் ரப்பரில் உரசும், அப்போது எம்6 (6 மி.மீ.) போல்ட், பெரிய வாஷர், உள்ளே நைலான் வளையம் வைத்த ஸ்டெயின்லெஸ் லாக் நட். போல்ட்டின் வழவழப்பான தலை கால் பக்கமும் நட் வெளிப்பக்கமும் இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் மரையில் ஸ்டெயின்லெஸ் நட்டை வறட்டுத்தனமாக வேகமாக முடுக்கினால் நடுவழியில் கவ்விக்கொண்டு முன்னேயும் போகாது பின்னேயும் வராது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு துளி சிலிக்கான் கிரீஸ் தடவி மெதுவாகத் திருகுங்கள். ஷாக்கிள் ஊசி தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அதன் கண்ணில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் கம்பி கோர்த்து முறுக்கிவிடுங்கள். கேபிள் டையும் போடலாம், ஆனால் வெயிலில் அது நொறுங்கும், அவ்வப்போது மாற்ற வேண்டும்.

குமிழோ பிளாஸ்டிக் பக்கிளோ என்றால் இரும்பை நேராக அதன்மேல் மாட்டாதீர்கள், உலோகம் பிளாஸ்டிக்கை அறுத்துக்கொண்டே இருக்கும். ஷாக்கிளுக்கும் பக்கிளுக்கும் நடுவே அதே 2 மி.மீ. கயிற்றை நான்கைந்து சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டால் மெத்தென்ற இணைப்பு கிடைக்கும். தேய்ந்தால் புதிதாகச் சுற்றிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் ஓட்டை இருக்கிற ஃபின்னுக்கும்கூட இந்தக் கயிற்று இணைப்பே போதும், எடை குறையும், உரசாது. ஆனால் பார்க்க அவ்வளவு மிடுக்காக இருக்காது.

குதிகாலுக்கு உறை, இழுப்பதற்குக் காது

ஸ்பிரிங் நீண்டு திரும்பச் சுருங்கும்போது சுருள்களுக்கு நடுவில் பூட்டியின் ரப்பரைக் கவ்வும். வெறுங்காலில் சோதித்துப் பார்க்கிறவர்களுக்குத் தோலையும் ரோமத்தையும் கவ்வும், அது இன்னும் விசேஷம். அதனால் நடுவில் 12 செ.மீ. நீளத்துக்கு ஒரு உறை வேண்டும். மேஸ்திரிகள் தண்ணீர் மட்டம் பார்க்கிற டியூப்பில் 14, 15 மி.மீ. உள்விட்டம் உள்ளது பொருந்தும். சிலிக்கான் டியூப் கிடைத்தால் இன்னும் நல்லது, நாளானாலும் விறைக்காது. உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கிக்கொண்டு ஏறும். இதை வளையங்களில் ஷாக்கிள் மாட்டும் முன்பே ஏற்றிவிட வேண்டும்.

உறை ஸ்பிரிங்கோடு இறுக்கமாக ஒட்டியிருக்கக் கூடாது. சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டுப் பளபளவென்று முடிக்க ஆசை வரும், அதைப் போட்டால் உள்ளே மாட்டிய பகுதி நீளவே நீளாது, மொத்த இழுப்பும் இரண்டு ஓரத்துக்கும் போய்விடும். அதைவிட மோசம், உறைக்கடியில் உப்புத்தண்ணீர் தேங்கும். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது அதன்மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலத்தால், அந்தப் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். மூச்சுமுட்ட மூடிய இடத்தில் ஆக்சிஜன் கிடையாது, உப்பு மட்டும் இருக்கும். வெளியே பளிச்சென்று இருக்கிற பட்டை உறையைக் கழற்றினால் உள்ளே குழி குழியாக அரித்திருப்பது இப்படித்தான். டியூப்பின் அடிப்பக்கம் சூடான ஆணியால் நாலைந்து ஓட்டை போட்டுவிடுங்கள், தண்ணீர் வடியும்.

இழுப்பதற்கான காது 25 மி.மீ. அகல நைலான் பட்டியில். 20 செ.மீ. வெட்டி, உறையின் நடுவில் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்கும் தைக்க வேண்டும். வீட்டுத் தையல் மெஷின் திணறும். செருப்பு தைக்கிறவரிடம் கொடுங்கள், நைலான் நூலில் பத்து நிமிடத்தில் தைத்துத் தருவார், ஸ்பிரிங்கை ஒட்டியே தையல் விழ வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அப்போதுதான் உறை அங்கேயும் இங்கேயும் ஓடாது. காதின் ஓட்டை, கையுறை போட்ட இரண்டு விரல் நுழையும் அளவுக்குப் போதும். பெரிதாக விட்டால் ஏணியிலும் கயிற்றிலும் மாட்டும்.

தண்ணீரில் இறங்கும் முன்

வீட்டில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது தடவை மாட்டிக் கழற்றுங்கள். வளையம் திறக்கிறதா, முடிச்சு நகர்கிறதா, ஷாக்கிள் ஊசி சுழல்கிறதா என்று பாருங்கள். அப்புறம் நீச்சல்குளம், அப்புறம் ஆழம் குறைந்த அமைதியான இடம். நீரோட்டம் இழுக்கும் இடத்தில் ஒற்றை ஃபின்னோடு மாட்டிக்கொள்வது விளையாட்டில்லை, புதுப் பட்டையை அங்கே போய்ச் சோதிக்காதீர்கள். பழைய ரப்பர் பட்டை ஒன்றைப் பக்கிளோடு டைவ் பையில் போட்டே வையுங்கள்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நீண்டிருக்கும் சுருள்களுக்கு நடுவில் மெல்லிய தூண்டில் நரம்பு நுழைந்தால் கவ்விக்கொள்ளும், கைவிட்ட வலைகளும் தூண்டில் நரம்பும் கிடக்கிற நம் பக்கத்துப் பாறைகளில் இது நடக்கக்கூடியதுதான். ரப்பர் பட்டையின் தொங்கும் வாலில் மாட்டுவதைவிட இது குறைவு, ஆனாலும் நரம்பு வெட்டும் கத்தி கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

டைவ் முடிந்து வந்ததும் நல்லதண்ணீர் வாளியில் முக்கி, ஸ்பிரிங்கை இரண்டு பக்கமும் வளைத்து வளைத்துச் சுருள்களைத் திறந்து அலசுங்கள், மணல் கொட்டும். மாதம் ஒருமுறை உறையை ஒதுக்கி அடியில் பாருங்கள். பழுப்புக் கறை மட்டும் என்றால் பழைய டூத் பிரஷ்ஷில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்துக் கழுவினால் போய்விடும், இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் துகள் ஒட்டிக்கொண்டு புதுத் துருவுக்கு வித்தாகும். நகத்தால் தடவும்போது குழி தட்டினாலோ, வளையத்தின் அடிவளைவில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தாலோ, சும்மா கிடக்கும்போதே சுருள்களுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருந்தாலோ அந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள், ஷாக்கிளையும் உறையையும் கழற்றிப் புதியதில் போட்டுக்கொள்ளலாம், கயிறு மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிது.